கட்டிப்போட்ட குரங்கும் காட்டோரக் கொசுவும்

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். மலேசியாவின் பகாங் மாநிலத்தில், பெந்தா பக்கம் தோட்டத்து வீடு. பின்னால் செம்பனை (எண்ணெய்ப்பனை), அதற்கும் பின்னால் காடு. உங்கள் மாமனார் இரண்டு வருடமாக ஒரு கெராவை, அதாவது நீண்டவால் குரங்கை, கொய்யா மரத்தில் சங்கிலி போட்டு வளர்க்கிறார். குட்டியாக இருந்தபோது காட்டோரத்தில் பிடித்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் அதன் கையிலேயே வாழைப்பழம் கொடுக்கிறார்கள். போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நடுக்கக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் அதைக் ‘குரங்கு மலேரியா’ என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லார் கண்ணும் உங்கள் வீட்டுக் குரங்கின் மேல்தான். “இதைக் கொன்றுவிடச் சொல்லவா, காட்டில் கொண்டுபோய் விடச் சொல்லவா?” என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கு அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் கேட்கின்றன: அண்ணனுக்கு நோய் எங்கிருந்து வந்தது, என் பிள்ளைகளுக்கும் வருமா? முதலில் அந்த இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். குரங்கை என்ன செய்வது என்பது அப்புறம்.

நான் டாக்டர் இல்லை. அரசாங்க ஆய்வுக்கூடங்களில் முப்பது வருடத்துக்கு மேல் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து மலேரியா ரத்தம் பார்த்தவன். ஓய்வு பெற்றுப் பகாங்கில் இருக்கிறேன். மருந்து எது, எவ்வளவு என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். ஒட்டுண்ணி, ரத்தம், கொசு இந்த மூன்றையும் பற்றித் தைரியமாகப் பேசுவேன்.

சந்தேகமே இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். குரங்கைத் தொட்டால் மலேரியா வராது. அது கடித்தாலும், பிறாண்டினாலும், அது மிச்சம் வைத்த பழத்தைப் பிள்ளை தெரியாமல் வாயில் வைத்தாலும் மலேரியா வராது. இந்த ஒட்டுண்ணி குரங்கின் ரத்தத்தில் இருக்கிறது, எச்சிலில் இல்லை. ஒரு குறிப்பிட்ட வகைக் கொசு அந்தக் குரங்கைக் கடிக்க வேண்டும். பிறகு அந்தக் கொசு பத்து நாள் போல உயிரோடு இருந்தால்தான் அதன் வயிற்றில் வளர்ந்த ஒட்டுண்ணி எச்சில் சுரப்பிக்கு வந்து சேரும். அதற்கு அப்புறம் அதே கொசு மனிதனைக் கடிக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் நோய் வந்து சேராது.

கொசு என்றதும் வாசல் சாக்கடையிலும் பூந்தொட்டியிலும் வளர்வதை நினைத்துக்கொள்ளாதீர்கள். டிங்கி (டெங்கு) கொசு வேறு, இது வேறு. இது அனோஃபிலிஸ் இனத்தில் லியூகோஸ்ஃபைரஸ் என்ற கூட்டத்தைச் சேர்ந்த காட்டுக் கொசு. சரவாக்கின் காப்பிட்டில் லாத்தென்ஸ், சபாவில் பலபசென்சிஸ், நம்ம குவாலா லிப்பிஸ் பக்கம் கிராசென்ஸ் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். உட்காரும்போது வாலைத் தூக்கிக்கொண்டு, தலையைத் தோலில் குத்தியதுபோல் நிற்கும். பின்கால் மூட்டில் ஒரு வெள்ளைப் பட்டை, கணுக்காலில் வெள்ளைத் துணி சுற்றியதுபோலத் தெரியும். நிழலான இடத்தில் தேங்கிய மழைநீரில் முட்டையிடும்: காட்டுப்பாதையில் லோரி சக்கரம் பதிந்த பள்ளம், பன்றி புரண்ட குழி, வெட்டிப்போட்ட மூங்கிலின் கணு. பெரும்பாலும் பொழுது சாய்ந்ததிலிருந்து இரவு பத்து மணிக்குள், வீட்டுக்கு வெளியில்தான் கடிக்கும்.

நம் தோட்டத்து ஆட்களுக்கு மலேரியா புதிதில்லை. என் பாட்டி காலத்தில் குளிர்காய்ச்சல் என்றாலே கொயினா (குயினைன்) மாத்திரையும் தோட்டத்து மருந்தாளான டிரஸ்ஸரும்தான். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மல்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து அங்கே நோயைக் குறைத்தார். அதே வைத்தியத்தை மலைப்பாங்கான ரப்பர் தோட்டங்களில் செய்தபோது பலிக்கவில்லை; அங்கே வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்கிற மாக்குலாட்டஸ் என்ற வேறொரு கொசு இருந்தது. காட்டை வெட்டி வெளிச்சம் விழ விழ அது பெருகியது. ஓடையில் எண்ணெய் ஊற்றியதெல்லாம் அதற்காகத்தான். அந்தப் பழைய மலேரியா மனிதனிடமிருந்து மனிதனுக்குப் போவது. அது நம் நாட்டில் அடங்கிவிட்டது: 2018லிருந்து உள்நாட்டில் தொற்றிய மனித மலேரியா மலேசியாவில் பதிவாகவில்லை. பெரியவர்கள் “இப்ப ஏது மலேரியா?” என்று கேட்பது அதனால்தான். ஆனால் அதே 2018இல் 4,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் குரங்கு மலேரியா வந்தது. பெரும்பகுதி சபா, சரவாக்கில். நம் தீபகற்பத்தில் பகாங், கிளந்தான், பேராக் மாதிரி காடு மிச்சமுள்ள மாநிலங்களில் வந்துகொண்டே இருக்கிறது.

இந்த ஒட்டுண்ணியின் பெயர் பிளாஸ்மோடியம் நோலெசி. இதைக் கண்டுபிடித்த கதையே கூண்டுக் குரங்கில்தான் ஆரம்பிக்கிறது. 1931இல் கல்கத்தாவில், சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோன ஒரு நீண்டவால் குரங்கின் ரத்தத்தில் இதைப் பார்த்தார்கள். அடுத்த வருடம் ராபர்ட் நோல்ஸும் தாஸ் குப்தாவும் அந்த ரத்தத்தை மனிதர்களுக்கு ஊசியில் செலுத்திப் பார்த்து, மனிதனுக்கும் தொற்றும் என்று காட்டினார்கள். நோல்ஸின் பெயரே அதற்கு நிலைத்தது. கவனியுங்கள்: அந்தக் குரங்கு எங்கிருந்தோ பிடித்து, கப்பலேற்றி, கூண்டில் அடைத்து, கடல் தாண்டிப் போனது. அத்தனைக்குப் பிறகும் அதன் ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தது. நீண்டவால் குரங்குக்கு இது பெரிய நோய் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் சும்மா திரியும். அதே ஒட்டுண்ணி வட இந்தியாவின் ரீசஸ் குரங்குக்குப் போனால் கொன்றுவிடும்.

இயற்கையாக மனிதனுக்கு வந்த முதல் சம்பவமும் நம்ம பகாங்கில்தான். 1965இல், இங்கே காட்டில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய ஓர் அமெரிக்க நில அளவையாளருக்குக் காய்ச்சல் வந்தது. அங்கேயும் முதலில் சாதாரண மலேரியா என்றுதான் நினைத்தார்கள். அவர் ரத்தத்தை ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்தி, அவை செத்தபிறகுதான் உண்மை வெளியே வந்தது. பிறகு பகாங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்துத் தேடினார்கள், ஒருவரிடமும் கிடைக்கவில்லை. சரி, அபூர்வமான விபத்து என்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டார்கள். 2004இல் மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் காப்பிட்டில் 208 மலேரியா நோயாளிகளின் ரத்தத்தை மரபணு முறையில் சோதித்தபோது, 120 பேருக்கு இருந்தது இந்தக் குரங்கு ஒட்டுண்ணி. மைக்ராஸ்கோப்பில் அவை பெரும்பாலும் ‘மலேரியே’ என்ற லேசான மனித மலேரியா என்று எழுதப்பட்டிருந்தன.

அப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ரத்தம் தடவி ஜீம்சா சாயம் போட்ட கண்ணாடித் தகட்டில் சிவப்பணு வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். அதன் குறுக்கே நீலமாக ஒரு பட்டை, இடுப்பில் கட்டிய ஒட்டியாணம் மாதிரி, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் பட்டையைப் பார்த்தாலே கை தானாக ‘மலேரியே’ என்று எழுதும். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் மரம் வெட்டும் கூலி ஒருவரின் தகடு வந்தது. பட்டைதான், ஆனால் பார்த்த இடமெல்லாம் பட்டை. மலேரியே ஒட்டுண்ணி அவ்வளவு கூட்டமாக இருக்காது என்று அன்றைக்கே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டாம் நாள் அவருக்கு மூச்சு வாங்கியது, சிறுநீர் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். அந்தத் தகட்டை நான் இன்னும் மறக்கவில்லை. இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏன் இவ்வளவு வேகம் என்றால், மலேரியே ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் பெருகி உடைத்துக்கொண்டு வெளியே வர 72 மணி நேரம் எடுக்கும். மற்ற மனித மலேரியாக்களான விவாக்ஸும் ஃபால்சிபாரமும் 48 மணி நேரம். நோலெசிக்கு 24 மணி நேரமே போதும். ஒரு சிவப்பணு உடைந்தால் பதினாறு வரை வெளியே வரும். தினம் ஒரு சுற்று. அதனால்தான் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வராமல் தினமும் வரும், ‘முறைக்காய்ச்சல்’ என்று பெரியவர்கள் அடையாளம் சொல்கிற மாதிரி இருக்காது. திங்கள்கிழமை “பார்ப்போம்” என்று பனடோல் போட்டுக்கொண்டு படுத்தவர், வியாழக்கிழமை வேறு ஆளாக இருப்பார்.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, தயவுசெய்து இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். நோலெசி வந்தவர்களுக்கு அநேகமாக எல்லோருக்குமே பிளேட்லெட் இறங்கும். நம் நாட்டில் காய்ச்சலும் பிளேட்லெட் குறைவும் சேர்ந்தால் கிளினிக்கில் முதலில் வாயில் வருவது டிங்கிதான். அது தப்பில்லை, பத்தில் ஒன்பது முறை அதுவாகத்தான் இருக்கும். ஆனால் காட்டுப் பக்கம் போய்வந்ததை நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? “இரண்டு வாரத்துக்கு முன்னால் காட்டோரத்தில் ராத்திரி இருந்தேன், பி.எஃப்.எம்.பி. பாருங்கள்” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். மலேரியாவுக்கு ரத்தத் தகடு பார்ப்பதை இங்கே எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள். விரலில் குத்தி உடனே பார்க்கிற கிட் சோதனை நோலெசியைப் பல நேரம் கோட்டை விட்டுவிடும். தகடுதான் வேண்டும், சந்தேகம் இருந்தால் மறுநாளும் பார்க்க வேண்டும். நேரத்தோடு கண்டுபிடித்தால் இது நன்றாகக் குணமாகிற நோய். ஆர்ட்டிமிசினின் வகை மருந்துக்கு வேகமாகக் கட்டுப்படும். கல்லீரலில் ஒளிந்திருந்து மாதம் கழித்துத் திரும்பி வருகிற குணமும் இதற்கு இல்லை.

இப்போது அந்த அண்ணன் விஷயம். உங்கள் கேள்வியின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அவர் டுரியான் பருவத்தில் டூசுனில் (பழத்தோட்டத்தில்) குடிசை போட்டு ராத்திரி காவல் இருந்தார் என்று. எனக்கு அந்த ஒரு வரி போதும். டுரியான் விழுகிற சத்தத்துக்குக் காத்துக்கொண்டு, கைலி கட்டி, சட்டையில்லாமல், காட்டோரத்தில், இரவு ஏழு மணியிலிருந்து. மேலே மரத்தில் கெரா கூட்டமோ பெரோக் என்ற பன்றிவால் குரங்குக் கூட்டமோ தூங்குகிறது, கீழே கொசு இருக்கிறது, நடுவில் அவர். கடி விழுந்து ஒன்றரை இரண்டு வாரத்தில் காய்ச்சல் என்பதும் பொருந்துகிறது. அவர் ரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணி எந்தக் குரங்கிலிருந்து வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் என்னைக் கேட்டால், கொய்யா மரத்தடியில் இருக்கிற அந்த ஒற்றை ஜீவனைவிட டூசுனுக்கு மேலே இருக்கிற கூட்டத்தைத்தான் நினைப்பேன். காப்பிட்டில் காட்டுக் குரங்குகளைப் பிடித்துச் சோதித்தபோது நாலில் மூன்றுக்கு மேல் நோலெசி இருந்தது. நம் குவாலா லிப்பிஸ் காட்டுக் குரங்குகளிலும் கண்டிருக்கிறார்கள்; அதே ஆய்வில் கோலாலம்பூர் நகரத்துக் குரங்குகளில் இல்லை. அந்தக் கொசு எங்கே இல்லையோ, அங்கே குரங்கிடமும் இது இல்லை.

உங்கள் வீட்டுக் குரங்கில் ஒட்டுண்ணி இருக்கிறதா? இருக்கலாம். காட்டில் பிறந்து அங்கே பிடிபட்டது என்பதால் நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். நோலெசி மட்டுமில்லை, இனுவி, சைனமோல்கி, கோட்னியி, ஃபீல்டி என்று இன்னும் நான்கு இந்தக் குரங்குகளிடம் சாதாரணமாக உண்டு. அதில் சைனமோல்கி மனிதனுக்கு இயற்கையாகத் தொற்றியதை 2011இல் திரங்கானுவில் ஒரு பெண்ணிடம் முதன்முதலாகக் கண்டார்கள். ஆனால் சங்கிலியில் கட்டிய குரங்கு நோயைப் பரப்ப, காட்டுக் கொசு அந்த வாசலுக்கு வர வேண்டும். வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் நல்ல அகலத்துக்குச் சுத்தமான செம்பனைக் காடு இருந்தால் அந்த வாய்ப்பு குறைவு. வீட்டுச் சுவரை ஒட்டியே புதரும் மூங்கிலும் காடும் என்றால் கதை வேறு. ஆனால் அங்கே உங்கள் குரங்கு இல்லாவிட்டாலும் காட்டுக் கூட்டமே அந்த வேலையைச் செய்துவிடும். சபாவில் கூடாட், கோத்தா மருடு பகுதிகளில் நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. தோட்ட வேலை, வெளியில் தூங்குவது, வீட்டைச் சுற்றி நீளமாக வளர்ந்த புல், சுவரில் இடைவெளி இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டின. வயது வந்த ஆண்களுக்கே அதிகம். காட்டை அழித்த கிராமங்களைச் சுற்றி நோய் கூடுவதையும் சபாவிலேயே காட்டியிருக்கிறார்கள். குரங்கு, கொசு, மனிதன் மூன்றும் ஒரே விளிம்பில் வந்து நிற்கிற இடம் அது.

இன்னும் முடிவாகாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அண்ணனைக் கடித்த கொசு அடுத்து உங்களைக் கடித்தால் வருமா, அதாவது குரங்கு இல்லாமலே மனிதனிலிருந்து மனிதனுக்குப் போகுமா? ஆய்வுக்கூடத்தில் கொசுவை வைத்து 1960களிலேயே அப்படிக் கடத்திக் காட்டியிருக்கிறார்கள், அதனால் முடியாது என்றில்லை. இயற்கையில் அப்படி நடக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இதுவரை கிடைக்கவில்லை. எனவே அந்த வீட்டாரை ஒதுக்கிவைக்க எந்தக் காரணமும் கிடையாது. அவர் மனைவி பிள்ளைகளோடு சாதாரணமாகப் பேசுங்கள், பழகுங்கள்.

சரி, குரங்கை என்ன செய்வது? கொல்ல வேண்டாம், அதனால் லயத்துக்கு ஒரு பாதுகாப்பும் அதிகமாகாது, பின்னால் காட்டில் கூட்டம் அப்படியே இருக்கும். காட்டில் விடவும் வேண்டாம். மனிதன் கையில் வளர்ந்தது வேறு கூட்டத்தில் சேராது, அடிபட்டுச் சாகும், இல்லாவிட்டால் அடுத்த வீட்டு அடுப்படிக்கு வரும். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லி ஒப்படைப்பதுதான் சரி. உரிமம் இல்லாமல் கெரா வளர்ப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் ஆசையாக வளர்த்தது, மனசு கஷ்டப்படும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைகளுக்காக நான் பயப்படுவது மலேரியாவை நினைத்து இல்லை, அதன் பல்லை நினைத்து. இந்தக் குரங்குகள் பலவற்றின் வாயில் ஹெர்ப்பிஸ் பி என்ற வைரஸ் இருக்கும். மனிதனுக்குத் தொற்றுவது மிக அபூர்வம். தொற்றினால் மூளையைத் தாக்கி உயிரை எடுக்கக்கூடியது. குட்டியாக இருக்கும்வரை கொஞ்சும். நாலைந்து வயதில், அதுவும் ஆண் என்றால், கோரைப் பல் முளைத்து யாரை என்று பார்க்காமல் கடிக்கும். ஒப்படைக்கும்வரை பிள்ளைகளைப் பழத்தைக் கையில் கொடுக்கவிடாதீர்கள், தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடட்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே கிளினிக்குக் கூட்டிப் போங்கள்.

வீட்டைச் சுற்றிப் புல்லை வெட்டிவைக்கச் சொல்லுங்கள். மாலை ஆறரைக்கு மேல் பிள்ளைகள் காட்டுப் பக்கம் விளையாட வேண்டாம். காட்டோரக் கோயில் படையலில் மிஞ்சிய பழத்தை அங்கேயே போட்டுவிட்டு வருகிற வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். கூட்டம் அதற்குப் பழகிக்கொண்டு லயம் வரை இறங்கிவிடும். அண்ணனைக் குணமான பிறகும் ரத்தம் பார்க்க ஆஸ்பத்திரியில் கூப்பிடுவார்கள், தவறாமல் போகச் சொல்லுங்கள். ஒருமுறை வந்துவிட்டதால் இனி வராது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம், மறுபடியும் வரும். அடுத்த டுரியான் பருவத்தில் அவர் டூசுனுக்குப் போகாமல் இருக்கப் போவதில்லை, அதில் வருமானம் இருக்கிறது. போகும்போது முழுக்கைச் சட்டை, கால்சட்டை, கொசு விரட்டும் களிம்பு, குடிசைக்குள் மருந்து தோய்த்த ஒரு கொசுவலை. திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் பார்க்காமல் அன்றைக்கே ரத்தம் கொடுக்க வேண்டும். எந்தத் தேதியில் காட்டில் தங்கினார் என்பதை அவர் மனைவி காலண்டரில் குறித்துவைத்தால், கிளினிக்கில் டாக்டர் கேட்கிறபோது யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.